பக்கத்து செல்லில் பச்சை ஒளி தெரிந்தால் புரதம் நகர்ந்துவிட்டது என்று சொல்லலாமா?

கேள்வி இது: உளுந்தில் மஞ்சள் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸின் பி.சி.1 என்ற நகர்வுப் புரதத்தோடு ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டி, அதன் மரபணுவை, செடிக்குள் மரபணு செலுத்தும் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியம் மூலம் ஓ.டி. (பாக்டீரியாக் கலவையின் ஒளியடர்த்தி) 0.5 அடர்த்தியில் பெந்தமியானா என்ற புகையிலை இனச் செடியின் இலைக்குள் செலுத்தியிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் அடுத்தடுத்த செல்களில் பச்சை ஒளி தெரிகிறது. புரதம் செல்விட்டுச் செல் போகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா, போவதானால் எந்த வழியில் போகிறது?

இப்போதைக்கு எழுத வேண்டாம். ஓ.டி. 0.5 என்றால் ஊசியில்லாச் சிரிஞ்சால் ஏற்றிய இடத்தில் பெரும்பாலான செல்களுக்குள் அக்ரோபாக்டீரியம் நேரடியாகவே மரபணுவைப் போட்டிருக்கும். பக்கத்து செல்லில் தெரியும் பச்சை அங்கேயே உண்டானதா, இந்த செல்லிலிருந்து போனதா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. சோதனையை எப்படித் திருத்துவது என்பதைப் பிறகு சொல்கிறேன். வழி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் சோதனையும் எதற்கு என்பது புரியும்.

தாவர செல்களுக்கு நடுவே செல் சுவர் இருக்கிறது. அதைக் குறுக்கே ஊடுருவும் பிளாஸ்மோடெஸ்மாட்டாதான் பாதை. எட்டி மரத்தின் விதையில் இந்த இணைப்புகளை எடுவார்ட் டாங்கல் 1879-இல் கண்டார். இன்றைய பெயரை 1901-இல் வைத்தவர் ஸ்ட்ராஸ்பர்கர். குறுக்களவு 30 முதல் 50 நானோமீட்டர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் எந்தப் புரதமும் தாராளமாகப் போகும் போலத் தோன்றும். ஆனால் துளை காலியாக இல்லை. எண்டோபிளாச வலை இறுகிச் சுருங்கி, டெஸ்மோட்யூபூல் என்ற பெயரில் சுமார் 15 நானோமீட்டர் தடிமனில் துளையின் நடுவே ஓடுகிறது. துளையின் ஓரம் முழுக்க செல்சவ்வு. இந்த இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் சைட்டோபிளாச இடுக்குதான் போக்குவரத்துக்கு, அதையும் இரு சவ்வுகளிலும் ஒட்டியிருக்கும் புரதங்கள் குறுக்குகின்றன. கடைசியில் புழக்கத்துக்குக் கிடைப்பது 3, 4 நானோமீட்டர்தான்.

முதிர்ந்த இலையில் எவ்வளவு பெரிய மூலக்கூறு தாண்டும் என்பதற்குப் பாடநூல்கள் தரும் எண் சுமார் 1 கிலோடால்டன். அதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஒளிரும் சாயங்களை நுண்ஊசியால் செல்லுக்குள் செலுத்தி அளந்தது. ஊசி குத்தினால் செல்லின் அழுத்தம் மாறும். பக்கத்து செல்லோடு அழுத்த வேறுபாடு 200 கிலோபாஸ்கலைத் தாண்டினால் பிளாஸ்மோடெஸ்மாட்டா மூடிக்கொள்ளும் என்று ஓபார்க்காவும் ப்ரையரும் 1992-இல் இலை ரோமங்களில் காட்டினார்கள். அதாவது அளக்கும் கருவியே வழியை அடைத்துவிடும். பின்னர் 1999-இல் ஓபார்க்கா குழு புகையிலையில் பார்த்தது இன்னும் முக்கியமானது. உணவை இறக்குமதி செய்துகொண்டிருக்கும் இளம் இலைகளில் 27 கிலோடால்டன் எடையுள்ள தனி ஜி.எஃப்.பி. தடையின்றிப் பரவியது, 50 கிலோடால்டன் அளவுள்ள இணைப்புப் புரதங்களும் போயின. இலை முதிர்ந்து உணவை ஏற்றுமதி செய்யத் தொடங்கியதும் நேரான பிளாஸ்மோடெஸ்மாட்டா கிளைவிட்ட வடிவத்துக்கு மாறின, பரவல் பெரிதும் குறைந்தது. இந்த மாற்றம் இலை நுனியில் தொடங்கி அடிப்பகுதிக்கு இறங்கும். ஒரே இலையின் நுனியில் ஒரு விடையும் அடியில் இன்னொரு விடையும் கிடைப்பது இதனால்தான்.

வாயை இறுக்குவதும் தளர்த்துவதும் கேலோஸின் வேலை. பீட்டா-1,3-குளுக்கானான இது துளையின் இரு கழுத்துகளையும் சுற்றிச் சுவரில் படியும். காயம், நோய்க்கிருமியின் வாடை, சாலிசிலிக் அமிலம் எல்லாமே கேலோஸைக் கூட்டும். கேலோஸைக் கரைக்கும் பீட்டா-1,3-குளுக்கனேஸ் நொதியைப் புகையிலையில் குறைத்தபோது வழி குறுகி வைரஸின் பரவலும் மெதுவானதை இக்லேசியாஸும் மைன்ஸும் 2000-இல் வெளியிட்டார்கள். உங்கள் சோதனையில் விளக்கமில்லாமல் வரும் முரண்களில் பாதிக்குக் கேலோஸ்தான் காரணமாக இருக்கும்.

இனி வைரஸ். புகையிலைத் தேமல் வைரஸின் துகள் 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் குறுக்களவுள்ள விறைப்பான குச்சி. 3, 4 நானோமீட்டர் இடுக்கில் அதை நுழைப்பது ஊசிக் காதில் தேர்வடம் கோர்ப்பது போல. ஆகவே அது துகளாகப் போவதில்லை. உறைப்புரத மரபணுவை நீக்கினாலும் இந்த வைரஸ் செல்விட்டுச் செல் பரவும். உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயம் வழியாகத் தூரத்து இலைகளுக்குப் போகத்தான் உறைப்புரதம் தேவைப்படும். பக்கத்து செல்லுக்குப் போக அவசியமானது 30 கிலோடால்டன் எடையுள்ள நகர்வுப் புரதம். இதைப் பிடித்துக் கொடுத்தது எல்.எஸ்.1 என்ற திரிபு. 22 டிகிரி வாக்கில் பரவும், 32 டிகிரியில் முதல் செல்லிலேயே பெருகி அங்கேயே நின்றுவிடும். பெருக்கத்தில் குறையில்லை, நகர்வில் மட்டும் குறை. நகர்வுப் புரதத்தில் ஒரு புரோலின் செரினாக மாறியதுதான் காரணம். 1987-இல் டியோம், ஆலிவர், பீச்சி மூவரும் நல்ல புரதத்தைப் புகையிலைச் செடியே உற்பத்தி செய்யும்படி மரபணு மாற்றினார்கள். அந்தச் செடியில் எல்.எஸ்.1 அதிக வெப்பத்திலும் பரவியது. எல்.எஸ்.1-இன் குறை நகர்வுப் புரதத்தில்தான் என்பது அத்தோடு முடிவானது.

இரண்டாண்டு கழித்து, அதே வகைச் செடிகளில் வுல்ஃப் குழு சாயங்களைச் செலுத்தியது. சாதாரணச் செடியில் 0.8 கிலோடால்டனுக்குக் கீழே இருந்த வரம்பு, நகர்வுப் புரதம் உள்ள செடியில் 9.4 கிலோடால்டனைத் தாண்டியது. இதை ‘வைரஸ் கதவை அகலத் திறக்கிறது’ என்று சுருக்கிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நகர்வுப் புரதமே 30 கிலோடால்டன், அது சுமக்கும் ஆர்.என்.ஏ. சுமார் 6,400 நியூக்ளியோடைடு. வெறும் விரிவு மட்டும் போதாது. சிட்டோவ்ஸ்கி குழுவின் வேலை இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது. நகர்வுப் புரதம் ஒற்றை இழை நியூக்ளிக் அமிலத்தின் நீளம் முழுக்க நெருக்கமாகப் பற்றி, சுருண்டு கிடக்கும் அதை 2 நானோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய இழையாக நீட்டிவிடுகிறது. 18 நானோமீட்டர் குச்சி நுழையாத இடத்தில் 2 நானோமீட்டர் இழை நுழையும். உயிருள்ள இலையில் போவது இந்த இழை மட்டும்தானா என்றால், 2004-இல் கவகாமி குழு எண்டோபிளாச வலையோடு ஒட்டிய பெருக்கத் தொகுதிகளே அடுத்த செல்லுக்குள் நுழைவதைக் காட்டியது. முதல் செல்லைவிட்டு வெளியேற ஒரு நாளுக்கு நெருக்கமாகும், அதன்பின் ஒவ்வொரு செல்லையும் நான்கு மணி நேர அளவில் தாண்டும். பெருக்க எந்திரத்தைக் கையோடு கொண்டுபோவதால்தான் இரண்டாவது செல்லில் அந்த வேகம் என்பது அவர்கள் விளக்கம்.

மற்ற வைரஸ்கள் எல்லாம் இதே முறையில் போவதில்லை. தட்டைப்பயறுத் தேமல் வைரஸின் 48 கிலோடால்டன் நகர்வுப் புரதம் பிளாஸ்மோடெஸ்மாட்டாவுக்குள் குழாயாகக் கட்டிக்கொள்ளும். டெஸ்மோட்யூபூல் காணாமல் போய்விடும், 28 நானோமீட்டர் முழுத் துகள்களே அதில் வரிசையாகப் போகும். உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸுக்கு மூன்று சிறு புரதங்களும் உறைப்புரதமும் சேர்ந்து வேண்டும். போட்டிவைரஸ்களில் பி3என்-பிப்போ என்ற புரதம் துளை வாயில் உட்கார்ந்து, கூம்பு வடிவ சி.ஐ. புரதத்தை அங்கே வரவழைக்கும். ஆகவே ஒரு வைரஸில் படித்ததை இன்னொன்றின் ஆய்வேட்டு அறிமுகத்தில் அப்படியே ஒட்டாதீர்கள்.

வைரஸ் இந்த வித்தையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. மக்காச்சோளத்தின் நாட்டட்-1 புரதம் வளர்நுனியின் வெளிப்புற அடுக்கில் இருக்கும், ஆனால் அதன் எம்-ஆர்.என்.ஏ. அந்த அடுக்கில் இருக்காது. உள்ளிருந்து புரதம் வந்திருக்கிறது என்றுதான் பொருள். 1995-இல் லூகாஸ் குழு இது பிளாஸ்மோடெஸ்மாட்டா வழியே போவதையும், தன் எம்-ஆர்.என்.ஏ.வைக் கூட்டிக்கொண்டு போவதையும் காட்டியது. வேரில் ஷார்ட்-ரூட் புரதம் மையத்திலிருந்து எண்டோடெர்மிஸுக்குப் போகிறது. பூப்பதற்கான சைகையான எஃப்.டி. புரதம் இலையிலிருந்து ஃபுளோயம் வழியாக நுனிக்குப் போகிறது. செடிக்கென்று இருக்கும் போக்குவரத்தில்தான் வைரஸ் ஏறிக்கொள்கிறது.

உங்கள் வைரஸ் டி.என்.ஏ. வைரஸ். உட்கருவுக்குள் பெருகுவதால் அதற்கு இரண்டு எல்லைகள் தாண்டவேண்டும். அதன் மரபணுத் தொகுதி டி.என்.ஏ.-ஏ, டி.என்.ஏ.-பி என்று இரண்டு கூறுகள். டி.என்.ஏ.-பி கூறில் இருக்கும் பி.வி.1 புரதம் வைரஸ் டி.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும், பி.சி.1 சுவரைத் தாண்டச் செய்யும். பீன் டுவார்ஃப் மொசைக் வைரஸில் 1994-இல் நுவேரி, லூகாஸ், கில்பர்ட்சன் மூவரும் இந்த வேலைப் பிரிவினையைக் காட்டினார்கள். பி.சி.1 டி.என்.ஏ.வின் நீளத்தையும் பார்க்கும் என்பது பின்னர் அதே வழியில் தெரிந்தது. ஒவ்வொரு கூறும் சுமார் 2.7 ஆயிரம் கார இணைகள், அதைவிட நீளமாக்கிச் செலுத்தினால் செடிக்குள் பரவுவது பழைய அளவுக்குச் சுருங்கிய வடிவங்கள்தான். டி.என்.ஏ.-பி-க்குள் ஜி.எஃப்.பி. மரபணுவைக் கூடுதலாகச் செருகிப் பரவலைப் பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு இது எச்சரிக்கை. மேலும், உங்கள் வைரஸ் சேர்ந்த இனமான பெகோமோவைரஸ்கள் பலவும் ஃபுளோயத்தை ஒட்டியே நிற்பவை, இலைத்தசைக்குள் தாராளமாக இறங்கும் பீன் டுவார்ஃப் மொசைக் ஒரு விலக்கு. ஆக, பெந்தமியானாவின் மேல்தோலில் நீங்கள் பார்க்கப்போவது புரதத்தின் திறன். உளுந்தில் அது எந்தத் திசுவில் அதைப் பயன்படுத்துகிறது என்பது தனிக் கேள்வி.

இனி சோதனை. நான்கைந்து வாரச் செடி, முழுமையாக விரிந்த இலை, எல்லாச் செடியிலும் ஒரே வரிசை இலை, இலையில் ஒரே பகுதி. வெப்பம் 22 முதல் 24 டிகிரி. கலவை வழக்கமானதுதான்: 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்.ஈ.எஸ்., பி.எச். 5.6, அசிட்டோசிரிங்கோன் 150 மைக்ரோமோலார், அறை வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தபிறகு ஏற்றுங்கள். மாறவேண்டியது அடர்த்தி. ஓ.டி. 0.0001 வாக்கில் இருக்கவேண்டும். இதைக் கருவியில் அளக்க முடியாது. முதலில் சரியாக 1.0-க்குக் கொண்டுவாருங்கள். அதில் 0.1 மில்லியை 0.9 மில்லி கலவையில் போட்டுக் கலக்குங்கள், இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முனையை மாற்றுங்கள், பாக்டீரியா அடியில் படிந்துவிடாமல் கலக்கிவிட்டு எடுங்கள். முதல் சுற்றில் இதற்குப் பத்து மடங்கு மேலேயும் கீழேயும் சேர்த்து மூன்று அடர்த்தி ஏற்றிப் பாருங்கள். ஒளிரும் செல்களுக்கு நடுவே குறைந்தது பத்து செல் இடைவெளி விழும் அடர்த்தியே உங்களுடையது.

எந்த செல் மூல செல் என்று தெரிய இன்னொரு அடையாளம் வேண்டும். உட்கருவுக்குள் தங்கிவிடும், உருவில் பெரிய சிவப்பு ஒளிர் புரதம் நல்லது. எண்டோபிளாச வலைக்குள் தங்கும் சிவப்புப் புரதத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வலையைப் பிடித்துத் தொங்கும் நகர்வுப் புரதங்களை ஆராயும்போது நான் அதைத் தவிர்ப்பேன், ஏனென்றால் அந்த வலைதான் துளைக்குள்ளும் ஓடுகிறது. பச்சைக்கு ஒரு பாக்டீரியா, சிவப்புக்கு ஒரு பாக்டீரியா என்று கலந்து ஏற்றுவது இந்த அடர்த்தியில் வேலைக்காகாது. இரண்டும் ஒரே செல்லில் விழ வாய்ப்பு மிகக் குறைவு. பச்சை, சிவப்பு இரண்டு மரபணுக்களும் ஒரே டி-டி.என்.ஏ.வில், அதாவது பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் ஒரே டி.என்.ஏ. துண்டில் இருக்கவேண்டும். புதிதாக ஒரு குளோனிங் ஆகும், செய்யத்தான் வேண்டும். செடி அந்நிய மரபணுவை அடக்குவதைத் தடுக்கும் பி19 புரதத்தைச் சேர்ப்பதானால் அதை மட்டும் தனியாக ஓ.டி. 0.1-இல் சேர்க்கலாம், அது எல்லா செல்லுக்கும் போவதில் தவறில்லை. ஆனால் எல்லாக் கட்டுப்பாட்டிலும் அதே அளவு இருக்கவேண்டும்.

கட்டுப்பாடுகள் நான்கு. தனி ஜி.எஃப்.பி. முதலாவது. முதிர்ந்த இலையிலும் இது ஒன்றிரண்டு செல் தாண்டும், அதைவிட அதிகம் தாண்டினால் இலை இன்னும் இளசு என்று பொருள். இரண்டாவது இரட்டை ஜி.எஃப்.பி., 54 கிலோடால்டன். உங்கள் பி.சி.1 இணைப்பு 60 கிலோடால்டன் வாக்கில் வரும் என்பதால் எடையில் ஒப்பிடத் தக்கது இதுதான், தனி ஜி.எஃப்.பி. அல்ல. இரட்டை ஜி.எஃப்.பி. நிற்கும் இடத்தில் உங்கள் புரதம் போனால்தான் பேச்சே தொடங்கும். மூன்றாவது, வேலை செய்யாத பி.சி.1 திரிபு ஒன்று. நான்காவது, ஜி.எஃப்.பி. ஒட்டாத பி.சி.1-உடன் இரட்டை ஜி.எஃப்.பி. பிற புரதத்துக்கும் வழி திறக்கிறதா என்பதை இது சொல்லும்.

பார்க்கும் நேரம் 48 அல்லது 72 மணி, ஒன்றைத் தேர்ந்து அதில் நில்லுங்கள். இலைத் துண்டை வெட்டியதும் கேலோஸ் ஏறத் தொடங்கிவிடும். பத்துத் துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்காதீர்கள். ஒன்றை வெட்டுங்கள், பாருங்கள், பிறகு அடுத்ததை வெட்டுங்கள். வெட்டு விளிம்பை ஒட்டிய செல்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எண்ணும்போது நடக்கும் பிழை ஒன்று எல்லோருக்கும் வரும். பி.சி.1 போன்ற புரதம் சுவரை ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மூல செல்லுக்கும் பக்கத்து செல்லுக்கும் பொதுவான சுவரில் இருக்கும் புள்ளி இரண்டு செல்லுக்கும் சொந்தம் போலவே தோன்றும். அது நகர்ந்ததற்குச் சாட்சியல்ல. மேல்தோல் செல்களில் சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய படலமாகத்தான் இருக்கும், வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பை நடுவை நிரப்பியிருக்கும், இரண்டு சுவர்களும் சேர்ந்தே பளிச்சிடும். ஆகவே பக்கத்து செல்லின் எதிர்ப்புறச் சுவரில், அதாவது மூல செல்லைத் தொடாத சுவரில் புள்ளி இருந்தால் மட்டும் எண்ணுங்கள். மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் படமெடுத்தால்தான் இது தெரியும். ஒளி அளவைக் கூட்டி வெளுக்கவிடாதீர்கள்.

ஒரு அமைப்புக்குக் குறைந்தது மூன்று செடிகளில் 30 இடங்களுக்கு மேல் எண்ணுங்கள். இப்படி வரும் எண்ணிக்கை சீராகப் பரவியிருக்காது. பல இடங்களில் பூஜ்யம், சில இடங்களில் பத்து பன்னிரண்டு. சராசரியும் டி-சோதனையும் இங்கே ஏமாற்றும். இடைநிலை எண்ணை எடுத்து, மறுமாதிரியெடுப்பு முறையில் ஒப்பிடுங்கள். அத்தோடு அதே இலைத் திசுவில் ஜி.எஃப்.பி. எதிர்ப்புரதம் கொண்டு, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போடுங்கள். 27 கிலோடால்டனில் கோடு தெரிந்தால் உங்கள் இணைப்பு உடைந்து, நகர்வது வெறும் ஜி.எஃப்.பி.யாக இருக்கலாம். இதைப் பல ஆய்வறிக்கைகளில் தேடினால் கிடைக்காது, மதிப்பீட்டாளர் கேட்பது மட்டும் நிச்சயம்.

அக்ரோபாக்டீரியமே செடியின் தற்காப்பைத் தூண்டி வழியை இறுக்கும் என்பதால், கைவசம் ஜீன் கன் இருந்தால் 1 மைக்ரான் தங்கத் துகளில் பூசிச் சுட்டு ஒருமுறை சரிபாருங்கள். கேலோஸைப் பார்க்க அனிலின் புளூ 0.1 சதவீதம், காரத்தன்மையுள்ள பாஸ்பேட் கரைசலில், 405 நானோமீட்டரில் தூண்டுங்கள். சாயத்தை இலைக்குள் ஏற்றும் அழுத்தமும் ஒரு காயம்தான், எனவே எல்லா மாதிரிக்கும் ஒரே கையால் ஒரே நேர இடைவெளியில் செய்யுங்கள்.

இவை எல்லாம் சரியாக வந்தாலும் நிரூபணமாவது பி.சி.1 தானாக நகரும் திறனுள்ளது, அவ்வளவே. வைரஸை அது நகர்த்துகிறது என்று எழுத உளுந்துக்கே போகவேண்டும். வம்பனில் எடுக்கப்பட்ட மஞ்சள் தேமல் வைரஸை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை உங்களுக்கு நேராக உதவும். அங்கே ஒரே டி.என்.ஏ.-ஏ கூறோடு வேறுபட்ட டி.என்.ஏ.-பி கூறுகள் பல கிடைத்தன. 2004-இல் வெளியான ஆய்வில் கே.ஏ.22 என்ற டி.என்.ஏ.-பி உளுந்திலும், கே.ஏ.27 என்பது பாசிப்பயறிலும் கடுமையான மஞ்சளையும் அதிக வைரஸ் டி.என்.ஏ.வையும் கொடுத்தன. நகர்வுப் புரதங்கள் இரண்டும் டி.என்.ஏ.-பி-யில்தான் இருக்கின்றன. ஆகவே உங்கள் பி.சி.1 எந்த டி.என்.ஏ.-பி-யிலிருந்து எடுத்தது என்பதை முதலில் வரிசை பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பிறகு டி.என்.ஏ.-ஏ, டி.என்.ஏ.-பி இரண்டையும் பகுதி இரட்டிப்பாகக் கட்டிய அக்ரோ குளோன்களை முளைவிட்ட உளுந்து விதைகளில் ஏற்றுங்கள். ஒரு தொகுதிக்கு நல்ல டி.என்.ஏ.-பி, ஒன்றுக்கு பி.சி.1-இல் மட்டும் நிறுத்தக் குறியீடு வைத்தது, ஒன்றுக்கு டி.என்.ஏ.-ஏ மட்டும். கடைசி இரண்டிலும் ஏற்றிய இடத்தில் வைரஸ் டி.என்.ஏ. பெருகியிருக்கிறது, அதற்கு மேல் முளைக்கும் மூவிலையில் இல்லை என்று சதர்ன் பிளாட் என்ற டி.என்.ஏ. சோதனையில் வந்தால்தான் குறை நகர்வில் என்று சொல்லமுடியும். ஏற்றிய இடத்திலேயே டி.என்.ஏ. இல்லையென்றால் அக்ரோ ஏற்றம் தோற்றிருக்கிறது, பி.சி.1-ஐப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மூவிலையில் மஞ்சள் வந்துவிட்டால் அந்த இலையிலிருந்து வைரஸை மறுபடி எடுத்து வரிசை பாருங்கள். ஒற்றை எழுத்து மாற்றம் செடிக்குள் பழையபடி திரும்பிவிடுவது உண்டு, அதனால் நிறுத்தக் குறியீட்டை இரண்டு மூன்று எழுத்து மாற்றிக் கட்டுவது நல்லது.